பின் வரிசைக் காந்தாரம்

பதினோரு வயதில் எனக்குச் சுருதி நிற்காது என்று தீர்ப்பாயிற்று. பாட்டு சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் என் தாயாரைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் அதைச் சொன்னார். நான் கூடத்தில் சுருதிப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். "காது இல்லை" என்பதுதான் அவர் சொன்ன சொல். மறுவாரத்திலிருந்து தங்கை மட்டும் பாடினாள். எனக்குப் புத்தகங்கள் வாங்கிக்கொடுத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால், பத்து வருடம் கழித்துப் பாளையங்கோட்டையின் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்காது. என் சிநேகிதி தன் ஆர்மோனியத்தை எப்படி இழந்தாள் என்பதும் விளங்காது.

அவளும் நானும் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தோம். நான் ஜங்ஷன் பக்கத்திலிருந்து பஸ்ஸில் ஆற்றைக் கடந்து வருவேன். அவள் வீடு கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம். அவள் தகப்பனார் கோர்ட்டில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துப் பாடகர் குழுவின் தலைவர். வகுப்பில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேலே முகம் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேசைக்கு அடியில் இரண்டு கால்களும் மாறி மாறித் தரையை மிதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருந்த எனக்கு நோட்டில் கோடு நேராக விழாது.

"காலை நிறுத்தேன்," என்றேன் ஒரு நாள்.

"நிறுத்துனா பாட்டு நின்னுரும்லா," என்றாள்.

எந்தப் பாட்டு என்று கேட்டதற்குப் பதிலாக அன்று மத்தியானம் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனாள். கப்பலில் வேலை பார்த்த அவளுடைய சித்தப்பா ஒரு விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன பிஸ்கட் டப்பா ஒன்று அவளிடம் இருந்தது. அதற்குள் ஏழு கேசட்டுகள். டப்பாவின் மேல் 'ப்ளூஸ்' என்று எழுதியிருந்தது. கேசட்டுகளின் மேல் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள் மட்டும். பாடியவர்கள் யார், எந்த ஊர், உயிரோடு இருக்கிறார்களா என்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவளே பெயர் வைத்திருந்தாள்: இருமல்காரர், பல்லில்லாதவர், கோவத்தில் பாடுகிற பெரியம்மா. மூன்றாம் எண் கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டாள். ஒரு கிட்டார், ஒரு மனிதர், அவர் காலால் தரையைத் தட்டுகிற சத்தம்.

"என்ன பாடுகிறார்?"

"பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டாளாம்."

"பிறகு?"

"பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டாளாம்."

"அதைத்தான் சொல்லிவிட்டாயே."

"அவரும் ரெண்டு தடவதான் சொல்லுதாரு. மூணாவதுலதான் பதில் வரும். இப்ப கேளு... ஸ்டேஷன்ல மழை பெய்யுதாம்."

"அவ்வளவுதானா?"

"ஒனக்கு அஞ்சு அங்கம் வேணுமாக்கும்? கடைசில எல்லாரும் வாளால குத்திட்டுச் சாகணும், என்னட்டி?"

நான் சிரிக்கவில்லை. ஒரு வரியை இருமுறை சொல்வது சிக்கனமில்லாத எழுத்து என்று அவளிடம் வாதாடினேன். அவள் பொத்தானை அழுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். "ரெண்டாவது தடவை அவரு குரலைக் கேளு. முதல்ல செய்தி சொல்லுதாரு. ரெண்டாவதுலதான் அவருக்கே அது உறைக்குது," என்றாள். மூன்றாவது முறை ஓட்டியபோது எனக்கும் அது கேட்டது. கேட்டதும் உட்காரப் பிடிக்கவில்லை. அந்தச் சிறிய அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். அவள் திருப்தியோடு என்னைப் பார்த்துக்கொண்டு காலை மிதித்தாள்.

அதன்பின் வாரத்தில் மூன்று மத்தியானங்கள் அங்கே போனேன். எனக்கென்று ஒரு பிரதி வேண்டும் என்று வண்ணார்பேட்டையில் பாட்டுப் பதிவு செய்து தருகிற கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி மூன்றாம் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தங்கச்சி, இது எந்தப் படம்?"

"படம் இல்ல அண்ணாச்சி. தனிப்பாட்டு."

"டேப்பு இழுத்துருக்கு போல. கொரலு ஒரு எடத்துல வழுக்கி வழுக்கி விழுதுல்லா. பாவம், பதிவு பண்ணுனவன் சரியாப் பண்ணல."

"அது அப்படித்தான் அண்ணாச்சி. வேணும்னே பாடுதாரு."

"வேணும்னே எவனாவது சுருதி கெட்டுப் பாடுவானா? இருங்க, நான் சரி பண்ணித் தாரேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் வாங்கிய பிரதியில் மனிதரின் குரல் அணிலின் குரலாகியிருந்தது. வேகத்தைக் கூட்டியிருந்தார். ஆனால் குரல் வழுக்குகிற இடம் அணில் குரலிலும் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த ஓர் இடம்தான் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. கல்லூரி நூலகத்தின் கலைக்களஞ்சியத்தில் ப்ளூஸ் பற்றி அரைப் பத்தி இருந்ததை நான் தேடி எடுத்தேன். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு என்றும், அதில் மூன்றாம் ஸ்வரம் தன் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒலிக்கும் என்றும் அதில் இருந்தது. அதை நோட்டில் படியெடுத்து அவளிடம் காட்டினேன்.

"சற்றுன்னா எவ்வளவு?"

"அது எழுதவில்லை."

"எழுதாம என்ன களஞ்சியம்?" என்று நோட்டை என் மடியில் எறிந்தாள்.

அந்த வருடம் ஜூனில் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் மாற்றலாகிப் போனார். அடுத்த ஆள் கிடைக்கும் வரை என்று சொல்லி அவளை உட்காரவைத்தார்கள். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் அது. பெட்டிக்குள் பித்தளை நாக்குகள் இரண்டு வரிசை. இடப்பக்கக் குமிழை இழுத்தால் முன் வரிசை பாடும். வலப்பக்கக் குமிழை இழுத்தால் பின் வரிசை. இரண்டையும் இழுத்தால் சத்தம் இரட்டிக்கும், காற்றும் சீக்கிரம் தீர்ந்துபோகும். சாதாரண ஞாயிறுகளுக்கு முன் வரிசை போதும் என்பது அவள் தகப்பனாரின் கண்டிப்பு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் பழகிக்கொள்ள அனுமதி. ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாட்களைக் கழித்தாள். அவளுடைய வீட்டில் வாத்தியம் எதுவும் கிடையாது. அந்த இடம் நிலைக்க வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனைகளை ஒரு விரல் பிசகாமல் வாசித்தாள்.

சனிக்கிழமையில் தேடினாள். கேசட்டில் அந்த மனிதர் மூன்றாம் ஸ்வரமான காந்தாரத்துக்கு வரும்போது பெரிய காந்தாரமும் இல்லை, சிறியதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றார். ஆர்மோனியத்தில் நடு இடம் என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கட்டை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டை இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தாள். காற்றைக் குறைத்து மிதித்துப் பார்த்தாள். மிதித்த வேகத்தில் அவள் பின்னல் முதுகில் அடித்துக்கொண்டது. "இங்கனதான் எங்கனயோ ஒளிஞ்சிருக்கு," என்பாள்.

செப்டம்பரில் ஆர்மோனியம் சரிபார்க்கிறவர் டவுனிலிருந்து வந்தார். அவர் வேலையை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பித்தளை நாக்கை வெளியே எடுத்து, அடியில் ஒரு தகட்டைக் கொடுத்து, அரத்தால் மெல்லச் சுரண்டுகிறார். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறுகிறது, அடியைச் சுரண்டினால் இறங்குகிறது. அடுத்த சனிக்கிழமை அவள் கைப்பையில் நகம் தேய்க்கிற அரமும் சவர பிளேடும் இருந்தன.

"பின் வரிசைல ஒண்ணே ஒண்ணு. நடு காந்தாரம்," என்றாள். "ஞாயித்துக்கெழம பின் வரிசையத் தொடவே மாட்டோம்லா. ஒருத்தருக்கும் தெரியாது."

"அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வரிசையும் வேண்டுமே?"

"பண்டிகைக்கு ரெண்டு மாசம் கெடக்கு. அதுக்குள்ள நுனியச் சுரண்டி ஏத்திருவேன். நீ கதவப் பாத்துக்கோ."

ஆனால் நான் கதவைப் பார்க்கவில்லை. நாலு முறை சுரண்டுவாள், நாக்கைத் திரும்பச் செருகுவாள், மிதித்து அழுத்துவாள், உடனே டேப் ரிக்கார்டரை ஓட்டுவாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"சொல்லு. எறங்கணுமா?"

"நீயே கேள்."

"டேப்பக் கேட்டுக் கேட்டு எனக்கு மயங்கிப்போச்சு. ஒன் காதுதான் சுத்தம். சொல்லுட்டி."

இன்னும் என்றேன். மறுபடி நாலு முறை. இன்னும். பித்தளைத் தூள் அவள் விரல்களில் பொன்னிறமாக ஒட்டியது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அவள் கட்டையை அழுத்தியபோது எனக்கு முதுகுத்தண்டில் ஓர் அசைவு ஏற்பட்டது. "போதும்," என்றேன். அவள் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. வலக் குமிழை மட்டும் இழுத்துவிட்டு, ரயிலேறிப் போன மனைவியின் பாட்டை வாசித்தாள். ஒரு வரி, அதே வரி, பதில். காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நான் அங்குமிங்கும் நடந்தேன். வாசித்து முடித்ததும் அவள் நெற்றியைக் கட்டைகளின் மேல் வைத்தாள். எட்டு ஸ்வரங்கள் ஒன்றாக அலறின. இருவரும் பயந்துபோய்ச் சிரித்தோம்.

இரண்டு மாதங்களில் அவள் அதை ஏற்றி வைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமை என்றாள். நானும் நினைவூட்டவில்லை. பண்டிகை நாளில் இரண்டாம் குமிழைத் தொடாமல் இருந்துவிட்டால் போயிற்று, கூட்டத்தின் பாட்டுச் சத்தத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு.

நவம்பரில் அறுவடைக் காணிக்கை செலுத்துகிற அறுப்பின் பண்டிகைக்கு என்னையும் அழைத்தாள். ஆலயத்தின் முன்பகுதி முழுவதும் காணிக்கை: வாழைத்தார், பூசணி, நெல்மூட்டை, கால் கட்டிய கோழிகள். ஆராதனை முடிந்ததும் அவற்றையெல்லாம் வெளியே ஏலம் விடுவார்கள். நான் பெண்கள் பக்கம், ஆர்மோனியத்துக்கு அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கீர்த்தனைகளும் நன்றாகப் போயின. மூன்றாவதில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் தகப்பனார் பாடகர் குழுவின் முன்னால் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவர், மகள் மறந்துவிட்டாள் என்று நினைத்து ஓரடி நகர்ந்து, கையை நீட்டி வலக் குமிழை இழுத்துவிட்டார்.

காந்தாரம் வந்தது. முன் வரிசையும் பின் வரிசையும் ஒரே கட்டையில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நடுங்கின. குழுவில் பெண்குரல்கள் இடறின. முன் பெஞ்சில் ஓர் அம்மாள் கோழியைத் திரும்பிப் பார்த்தார். பாட்டு முழுவதும், காந்தாரம் வரும்போதெல்லாம், அந்த நடுக்கம் வந்தது. அவளால் குமிழைத் தள்ள முடியவில்லை. இரு கைகளும் கட்டைகளில் இருந்தன. கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன.

ஆராதனை முடிந்து கூட்டம் ஏலத்துக்கு வெளியே போனதும், தகப்பனார் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். குழுவில் ஆண்குரல் பாடுகிற இருவர் குனிந்து நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பூசணிக்காயின் விலையை யாரோ உரக்கக் கூவிக்கொண்டிருந்ததில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

"எலி புகுந்துருக்கும் அண்ணாச்சி," என்றார் ஒருவர். "உள்ள பேரன் பேத்தி எடுத்துருக்கும்."

"எலி இல்ல வே. எந்தக் கட்டைன்னே பிடிபடல. ரெண்டு மூணு கட்டை போல இருக்கு."

"இந்தக் கறுப்புக் கட்டைல்லா?" என்று இன்னொருவர் தவறான ஒன்றைத் தொட்டார்.

"அதுவாத்தான் இருக்கும்," என்றார் தகப்பனார் சந்தேகத்தோடு.

அவள் தூணருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் கைவிட்டிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் அந்த நாக்கைச் சரிசெய்திருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் பெஞ்சிலிருந்து எழுந்து போய், அவர்களுக்கிடையே கையை நீட்டி, சரியான கட்டையின் மேல் விரலை வைத்தேன்.

"இது மட்டும்தான். முன் வரிசை சரியாக இருக்கிறது. பின் வரிசையில் இருப்பது கறுப்புக் கட்டைக்கும் இதற்கும் சரிபாதியில் நிற்கிறது."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். தகப்பனார் பின் வரிசையை மட்டும் திறந்து அதை அழுத்தினார். தலையை ஆட்டினார். பெட்டியைத் திறந்து நாக்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பாகம் புதிதாகப் பளபளத்தது.

"இது தேய்மானம் இல்ல. அரம் போட்டிருக்கு," என்றார்.

"நாந்தாம்ப்பா," என்றாள் அவள் தூணருகிலிருந்து. "நான் மட்டுந்தான்."

என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

பொதுச்சொத்தில் கைவைத்தவள் என்று குழுவில் பேச்சாயிற்று. தகப்பனாரே முன்வந்து ஆர்மோனியப் பெட்டியின் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். மகள் என்று தயவு காட்டியதாகப் பேர் வரக்கூடாது என்பது அவர் நினைப்பு. கிறிஸ்மஸுக்கு மின்சாரக் கீபோர்டு ஒன்று வந்தது, அதை வாசிக்க ஓர் இளைஞரும் வந்தார். சனிக்கிழமை மத்தியானங்கள் அவளுக்கு வெறுமனே மத்தியானங்களாயின. கேசட் கேட்கலாம் என்றால், தலைவலிக்கிறது என்றாள். வகுப்பில் அவள் கால்கள் நின்றுபோயின. என் நோட்டில் கோடுகள் நேராக விழுந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேனாவை மூடிவிட்டு வெளியே போக வேண்டும் போலிருந்தது.

படிப்பு முடிந்ததும் மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் போனாள். ஜங்ஷனில் பஸ் புறப்படும் முன் மூன்றாம் எண் கேசட்டை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு நீ கட்டையக் காட்டிட்டேன்னு இன்னும் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க. நான் ஒண்ணும் நெனைக்கல. ஒனக்குப் பொய் வராது. அதுக்கு நீ என்ன செய்வ?"

பஸ் நகர்ந்துவிட்டது. அவள் என்னை மன்னித்திருந்தாள், ஆனால் நான் செய்யாத ஒன்றுக்காக.

மூன்று வருடங்களாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். பள்ளிப் பிள்ளைகள், குளிர், விடுதிச் சாப்பாடு. சங்கீதத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. நானும் அதே மாதிரி பதில் எழுதுகிறேன். ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். நூலகத்தில் அரை மணிக்கு மேல் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது வாய்க்குள் அந்தக் காந்தாரத்தைப் பாடிப் பார்க்கிறேன். சில நாள் இறங்கிவிடுகிறது, சில நாள் ஏறிவிடுகிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் கால் தானாக அவள் வீட்டுக்குப் போயிற்று. தகப்பனார் கிறிஸ்மஸ் பாட்டுக்கு நான்கு குரல்களுக்கும் தனித்தனியாகப் பிரதி எழுதிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. லெட்டர் போடுதாளா?"

"மாதம் ஒன்று வருகிறது, மாமா."

"எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுதான்," என்று சிரித்தார்.

அந்தப் பித்தளை நாக்கு என்னவாயிற்று என்று கேட்டேன். புதியது போட்டாயிற்று என்றார். பழையதை, ஆர்மோனியம் சரிபார்க்கிறவர் எடுத்துப் போயிருப்பார்; ஆர்மோனியமே ஞாயிறுப் பள்ளி அறையில் துணி மூடிக் கிடக்கிறது. அவர் மறுபடி எழுதக் குனிந்தார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன்.

"மாமா, அன்றைக்கு நான் உண்மைக்காகச் சொல்லவில்லை."

அவர் பேனாவை மூடினார்.

"தெரியும்மா. அன்னைக்கு நான் அவளப் பாக்கல, ஒன்னத்தான் பாத்தேன். போட்டில பரிசுக்குப் பேரு கூப்பிட்ட பிள்ள மாதிரில்லா ஒன் மொகம் இருந்துச்சு." எழுதிய தாள்களை அடுக்கினார். "அரம் போடும்போது பக்கத்துல ஒரு காது இருந்திருக்கணும்னும் தெரியும். எம் மகளுக்கு அவ்வளவு துல்லியம் கெடையாது. சரிபாதில நிறுத்திருக்கு. இப்படிக் கேக்குத பிள்ள நம்ம குழுவுல இல்லியேன்னு அப்பவே நெனச்சேன்."

பதினோரு வயதிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவளிடம் சொன்னீர்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அது நீ சொல்ல வேண்டியதுல்லா."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து தாள் எடுத்து, அன்று நான் உண்மைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. எழுந்து ஜன்னல்வரை போய்வந்து, அதற்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதினேன். மூன்றாவது வரி அப்போதுதான் வந்தது: எனக்குக் காது இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவதற்காகச் சொன்னேன், அதற்கு உன் ஆர்மோனியத்தைக் கொடுத்தேன். மூன்று வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டு, மனம் மாறும் முன் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அவளுடைய மாதக் கடிதம் வர வேண்டிய நாள் போய்ப் பத்து நாளாகிறது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். பத்தரைக்கே வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். தங்கை உள்ளிருந்து கத்துகிறாள்: "அக்கா, அந்தக் காலை நிறுத்தேன். படி அதிருது."